ஆபரேஷன் தழும்பில் வீக்கமா? 'இன்சிஷனல் ஹெர்னியா' என்றால் என்ன? சிகிச்சை முதல் சிக்கல்கள் வரை முழு விவரம்!

சிசேரியன் முடிந்து பல வருஷம் ஆகிவிட்டது. தழும்பும் ஆறிவிட்டது. ஆனால் இருமும்போது மட்டும் அந்த இடத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு புடைப்பு எட்டிப் பார்க்கிறது. படுத்தால் காணாமல் போகிறது. 'வாயுவா இருக்கும்', 'தொப்பைதான் அது' என்று சொல்லி வருஷக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். கீழ்க்கட்டளை, மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம் என்று எந்த ஏரியாவாக இருந்தாலும், மெடிக்கல் ஷாப்பில் ஒரு வயிற்று பெல்ட் வாங்கிக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்ப்பதுதான் பலரும் செய்வது.

அந்தப் புடைப்புக்குப் பெயர் 'இன்சிஷனல் ஹெர்னியா'. தமிழில் 'தழும்புவழிக் குடலிறக்கம்' எனலாம். இதற்கு ஆபரேஷன் உண்டு. அந்த ஆபரேஷனிலும் சிக்கல்கள் உண்டு. பெரிய சிக்கல் எது தெரியுமா? சரிசெய்த இடத்திலேயே மறுபடியும் ஹெர்னியா வருவதுதான். அதனால்தான் இதில் முதல் ரிப்பேர் ரொம்ப முக்கியம். அவசரத்தில் ஓடிப்போய் செய்துகொள்வதற்கும், தயாராகிப் போய் செய்துகொள்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. விவரமாகப் பார்ப்போம்.

அப்படின்னா என்ன?

நம் வயிற்றின் முன்பக்கம் வெறும் தோலும் கொழுப்பும் மட்டும் இல்லை. அதற்குள்ளே தசைகள் இருக்கின்றன. அந்தத் தசைகளை இழுத்துப் பிடிக்கும் கெட்டியான வெள்ளை நிற சவ்வும் இருக்கிறது. குடல் வெளியே வராமல் பிடித்து வைத்திருக்கும் மதில் சுவர் இதுதான்.

வயிற்றில் எந்தப் பெரிய ஆபரேஷன் செய்தாலும் இந்தச் சுவரை வெட்டித்தான் உள்ளே போக வேண்டும். வேலை முடிந்ததும் டாக்டர்கள் அதை நூலால் தைத்து மூடுகிறார்கள். தோல் பத்து நாளில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் உள்ளே இருக்கும் சவ்வு பலம் பெற மாதக்கணக்கில் ஆகும். அப்போதும் பழைய முழுப் பலம் திரும்புவதில்லை.

அந்த இடைவெளியில் சவ்வு சரியாக ஒட்டாமல் போனால் அங்கே ஒரு ஓட்டை விழுகிறது. இருமல், தும்மல், முக்குவது, கனமான பொருளைத் தூக்குவது என வயிற்றுக்குள் அழுத்தம் கூடும்போதெல்லாம் கொழுப்போ குடலோ அந்த ஓட்டை வழியாகத் தோலுக்கு அடியில் வந்து நிற்கும். வெளியே தெரியும் புடைப்பு அதுதான்.

தொடை இடுக்கில் வருவதும், தொப்புளில் வருவதும் வேறு வகை ஹெர்னியாக்கள். பழைய ஆபரேஷன் தழும்பில் வந்தால் மட்டுமே அது இன்சிஷனல் ஹெர்னியா.

யாருக்கு வரும்?

வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாகக் கீறிச் செய்யும் ஆபரேஷன்களுக்குப் பிறகு 10 முதல் 20 சதவீதம் பேருக்கு இது வரலாம் என்கின்றன மருத்துவ ஆய்வுகள். பெரும்பாலும் முதல் 2, 3 வருஷத்துக்குள் தலைகாட்டும். பத்து வருஷம் கழித்து வருவதும் உண்டு.

குடலில் ஓட்டை, குடல் அடைப்பு, விபத்தில் வயிற்றுக் காயம் என்று நள்ளிரவில் அவசரமாகச் செய்யும் ஆபரேஷன்களில் வாய்ப்பு இன்னும் கூடுதல். புண்ணில் சீழ் பிடித்தவர்கள், உடல் எடை அதிகம் உள்ளவர்கள், சுகர் கட்டுக்குள் இல்லாதவர்கள், சிகரெட் பிடிப்பவர்கள், தீராத இருமல் உள்ளவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள் இந்தப் பட்டியலில் வருகிறார்கள். நாள்பட்ட மலச்சிக்கலால் முக்குபவர்களும், புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் கழிக்க முக்கும் வயதான ஆண்களும்கூட இதில் அடக்கம்.

தமிழ்நாட்டில் இதைப் பற்றிப் பேச இன்னொரு காரணமும் இருக்கிறது. 2019-21ல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். இந்திய சராசரி 21.5 சதவீதம்தான். அதாவது வயிற்றில் ஒரு தழும்போடு இருக்கும் பெண்கள் இங்கே மிக அதிகம்.

அதற்காகப் பயப்பட வேண்டாம். இப்போதைய சிசேரியன்களில் பெரும்பாலும் அடிவயிற்றில் குறுக்காகத்தான் கீறுகிறார்கள். அந்தக் கீறலில் ஹெர்னியா வரும் வாய்ப்பு குறைவு. தொப்புளுக்குக் கீழே நெடுக்காகத் தழும்பு இருப்பவர்களும், ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் கொஞ்சம் கவனமாக இருப்பது நல்லது.

லேப்ராஸ்கோப்பி செய்தவர்களுக்கும் இது வரலாம். பித்தப்பை அல்லது கர்ப்பப்பையை எடுக்கும்போது கருவிகளை நுழைக்கப் போடும் சின்ன துளைகளிலும், முக்கியமாகத் தொப்புள் பக்கத்தில் உள்ள பெரிய துளையில், ஹெர்னியா வர வாய்ப்பிருக்கிறது.

போப் பிரான்சிஸுக்கும் வந்தது

இது பராமரிப்பு இல்லாதவர்களுக்கு மட்டும் வரும் நோய் இல்லை. 2021 ஜூலையில் போப் பிரான்சிஸுக்குப் பெருங்குடலின் ஒரு பகுதியை அகற்றும் ஆபரேஷன் நடந்தது. அதற்கு முன்பே அர்ஜென்டினாவில் இருந்தபோதும் அவருக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்திருக்கிறது. 2023ல் பழைய தழும்பில் ஹெர்னியா உண்டாகி, குடல் அதில் மாட்டிக்கொண்டு, அடிக்கடி வலியும் அடைப்பும் வந்தது. 2023 ஜூன் 7ஆம் தேதி ரோம் நகரின் ஜெமெல்லி மருத்துவமனையில் சுமார் 3 மணி நேரம் ஆபரேஷன் செய்து, வலை வைத்து வயிற்றுச் சுவரைச் சரிசெய்தார்கள். அப்போது அவருக்கு வயது 86. ஜூன் 16ஆம் தேதி வீடு திரும்பினார்.

நம்ம ஊரிலும் தெரிந்த பெயர் ஒன்று இருக்கிறது. 1982ல் 'கூலி' படப்பிடிப்பில் அடிபட்டு வயிற்றில் பெரிய ஆபரேஷன் செய்துகொண்டவர் அமிதாப் பச்சன். 2005லும் அவருக்கு குடலில் ஆபரேஷன் நடந்தது. 2008 அக்டோபரில் பிறந்தநாள் அன்றே வயிற்று வலியோடு மருத்துவமனையில் சேர்ந்தார். அப்போது டாக்டர்கள் சொன்ன காரணம், பழைய ஆபரேஷன் தழும்பில் வந்த இன்சிஷனல் ஹெர்னியா.

பெல்ட் கட்டினால் சரியாகிவிடுமா?

ஆகாது. பெல்ட் புடைப்பை வெளியே வராமல் அழுத்தி வைக்கும், நடக்கும்போது ஒரு சப்போர்ட் கொடுக்கும், அவ்வளவுதான். ஓட்டையை அது மூடாது. மாத்திரை, தைலம், உடற்பயிற்சி எதுவும் மூடாது. நாள் ஆக ஆக ஓட்டை பெரிதாகவே வாய்ப்பு அதிகம்.

அதற்காக எல்லோரும் நாளைக்கே ஆபரேஷன் டேபிளில் படுக்க வேண்டும் என்றும் இல்லை. வலி இல்லாத, படுத்தால் தானாக உள்ளே போய்விடும் ஹெர்னியாவாக இருந்து, நோயாளிக்கு வயதோ இதய நோயோ காரணமாக ஆபரேஷன் ரிஸ்க் அதிகம் என்றால், டாக்டர்கள் கண்காணிப்பில் வைத்திருப்பது உண்டு. அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் பெண்களுக்கு, பிரசவம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்வதும் உண்டு. ஆனால் அந்த முடிவை டாக்டர் பரிசோதித்துச் சொல்ல வேண்டும். வீட்டில் உட்கார்ந்து நாமே எடுக்கும் முடிவு இல்லை அது.

எப்போது அவசரம்?

இதை மட்டும் வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

- வழக்கமாக உள்ளே போகும் புடைப்பு, படுத்தாலும் உள்ளே போகவில்லை
- புடைப்பு கல் போல இறுகி, தொட்டாலே வலிக்கிறது
- மேலே தோல் சிவந்தோ கருத்தோ போகிறது
- வாந்தி நிற்கவில்லை, வயிறு உப்புகிறது
- மலமும் காற்றும் பிரியவில்லை

இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. குடல் ஓட்டையில் மாட்டிக்கொண்டால் முதலில் அடைப்பு வரும். அடுத்து அந்தக் குடலுக்கு ரத்த ஓட்டம் நிற்கும். சில மணி நேரத்தில் குடல் அழுக ஆரம்பித்துவிடும். பிறகு குடலையே வெட்டி எடுக்க வேண்டிய நிலை. உயிருக்கும் ஆபத்து.

அப்படி நடந்தால் புடைப்பை கையால் அழுத்தி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள். 108க்கு போன் செய்து, அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போய்விடுங்கள்.

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்?

முன்பெல்லாம் ஓட்டையின் இரண்டு பக்கத்தையும் இழுத்து நூலால் தைத்துவிடுவார்கள். ஆனால் ஏற்கெனவே கிழிந்த துணியை அதே இடத்தில் இழுத்துத் தைத்தால் என்ன ஆகும்? மறுபடி கிழியும். அதேதான் இங்கேயும் நடந்தது.

2000ஆம் ஆண்டில் நெதர்லாந்து டாக்டர்கள் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டார்கள். முதல் முறை ஹெர்னியா வந்தவர்களில், வெறும் தையல் போட்டவர்களுக்கு 3 வருஷத்தில் 43 சதவீதம் திரும்ப வந்தது. 'மெஷ்' எனப்படும் வலை வைத்தவர்களுக்கு 24 சதவீதம். அதே நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2004ல் வெளியிட்ட முடிவில், 10 வருஷத்தில் தையலுக்கு 63 சதவீதம், வலைக்கு 32 சதவீதம் என்று இருந்தது. அதன் பிறகு வலை வைப்பதே உலகம் முழுக்க வழக்கமாகிவிட்டது.

இந்த வலை பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையால் ஆனது. கொசுவலை மாதிரி கண் கண்ணாக இருக்கும். அந்தக் கண்களுக்குள் நம் உடலின் திசு வளர்ந்து பிடித்துக்கொள்ளும். சுவரில் பூசும்போது உள்ளே கம்பி வலை வைக்கிற மாதிரி.

ஓட்டை எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டும் வலை வைத்தால் போதாது. ஓரங்களைத் தாண்டி நான்கு பக்கமும் சுமார் 5 செ.மீ. வரை அது பரவ வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

வலையை எங்கே வைப்பது என்பதிலும் வகைகள் இருக்கின்றன. தசைக்கு மேலே, கொழுப்புக்கு அடியில் வைப்பது ஒரு முறை. செய்வதற்கு எளிது, ஆனால் அங்கே நீர் சேர்வதும் சீழ் பிடிப்பதும் கொஞ்சம் அதிகம். தசைக்குப் பின்னால் வைப்பது இன்னொரு முறை. வலைக்கு இரண்டு பக்கமும் சதை இருப்பதால் நன்றாகப் பிடிக்கும், குடலையும் தொடாது. அதனால் பல நிபுணர்கள் இதையே விரும்புகிறார்கள். வயிற்றுக்குள் குடலைப் பார்த்தபடி வைப்பது மூன்றாவது முறை. இதற்குக் குடல் ஒட்டாத மாதிரி ஒரு பக்கம் பூச்சு கொடுத்த, விலை அதிகமான வலை தேவை.

திறந்து செய்யலாம், லேப்ராஸ்கோப்பியில் செய்யலாம், ரோபோ கருவியிலும் செய்யலாம். லேப்ராஸ்கோப்பி முறையில் இன்சிஷனல் ஹெர்னியாவைச் சரிசெய்தது முதலில் 1993ல் அமெரிக்காவில் பதிவானது. சின்ன துளைகள் என்பதால் புண்ணில் சீழ் பிடிப்பது குறைவு. ஆனால் எல்லா ஹெர்னியாவுக்கும் அது பொருந்தாது.

ரொம்பப் பெரிய ஹெர்னியாவாக இருந்தால்? வருஷக்கணக்கில் விட்டுவைத்ததால் குடலில் பெரும்பகுதி வெளியிலேயே தங்கிவிட்டிருக்கும். வயிற்றுக்குள் அதற்கு இடமே இருக்காது. அப்படிப்பட்டவர்களுக்குத் தசை அடுக்குகளைப் பிரித்து நகர்த்தி, நடுவில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சிலருக்கு ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்பே வயிற்றுத் தசையில் போட்டாக்ஸ் ஊசி போட்டுத் தளர்த்துகிறார்கள். முகச் சுருக்கத்துக்குப் போடும் அதே ஊசிதான். இதெல்லாம் பெரிய மருத்துவமனைகளில், அனுபவம் உள்ள குழு செய்ய வேண்டிய வேலை.

முதல் ரிப்பேர் ஏன் முக்கியம்?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 10,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை வைத்துச் செய்து 2003ல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. முதல் ரிப்பேருக்குப் பிறகு 5 வருஷத்துக்குள் 12.3 சதவீதம் பேருக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது. அந்த இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு, மூன்றாவது தேவைப்பட்டவர்கள் 23.8 சதவீதம். அதற்கும் பிறகு 35.3 சதவீதம்.

காரணம் எளிது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தழும்பு கூடுகிறது, நல்ல திசு குறைகிறது, குடல் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. பழைய வலை வேறு குறுக்கே நிற்கிறது. அடுத்த டாக்டரின் வேலை கடினமாகிறது.

அதனால் 'இப்போதைக்கு ஒரு தையல் போட்டு வைப்போம், திரும்ப வந்தால் பார்த்துக்கொள்ளலாம்' என்ற கணக்கு இதில் சரிப்படாது.

ஆபரேஷனுக்குப் பிறகு வரும் சிக்கல்கள் என்னென்ன?

நீர் கோத்தல்: அதிகம் பேரைப் பயமுறுத்துவது இதுதான். ஆபரேஷன் முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் அதே இடத்தில் மறுபடி வீக்கம். 'ஐயோ, திரும்ப வந்துடுச்சே' என்று பதறுவார்கள். பெரும்பாலும் அது ஹெர்னியா இல்லை. ஹெர்னியா இருந்த காலி இடத்தில் மஞ்சள் நிற நீர் சேர்ந்திருக்கும். பல வாரங்களில் உடலே அதை உறிஞ்சிக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். தேவை இல்லாமல் அடிக்கடி ஊசி குத்தி எடுத்தால், அந்த ஊசி வழியே கிருமி உள்ளே போய்விடலாம்.

புண்ணில் சீழ்: தையல் ஓரம் சிவப்பது, சூடாக இருப்பது, நாற்றத்தோடு நீர் வடிவது, காய்ச்சல் ஆகியவை அறிகுறிகள். சீக்கிரம் காட்டினால் மருந்திலும் டிரெஸ்ஸிங்கிலும் பெரும்பாலும் சரியாகும். விட்டுவைத்தால் கிருமி வலை வரை இறங்கும்.

வலையில் தொற்று: இது மாதங்கள், ஏன் வருஷங்கள் கழித்துக்கூட வரலாம். தழும்பில் ஒரு சின்ன துளை விழுந்து, ஆறுவதும் மறுபடி வடிவதுமாக இருக்கும். ஆன்டிபயாட்டிக் எடுக்கும்போது நிற்கும், நிறுத்தினால் திரும்பும். சிலருக்கு வலையையே எடுக்க வேண்டி வரும். எடுத்தால் ஹெர்னியா திரும்ப வர வாய்ப்பு அதிகம்.

தாமதமாக வரும் விசித்திரத் தொற்று: லேப்ராஸ்கோப்பி துளைகள் நன்றாக ஆறி, மூன்று நான்கு வாரம் கழித்துக் கட்டி கட்டியாக வீங்கி நீர் வடிவது இந்தியாவில் பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த, ஆனால் காசநோய் அல்லாத கிருமிகள் இதற்குக் காரணம். கருவிகளைச் சரியாகச் சுத்திகரிக்காததும், கழுவும் தண்ணீரும் இதன் வழிகள். சாதாரண ஆன்டிபயாட்டிக்கில் அடங்காது. சிறப்பு மருந்துகள் மாதக்கணக்கில் தேவைப்படும்.

குடலில் காயம்: குறைவாகவே நடக்கும், ஆனால் மிக ஆபத்தானது. தழும்போடு ஒட்டியிருக்கும் குடலைப் பிரிக்கும்போது அதில் சின்ன ஓட்டை விழலாம். அங்கேயே கண்டுபிடித்துத் தைத்துவிட்டால் பிரச்சினை குறைவு. கண்ணில் படாமல் போனால் அடுத்த இரண்டு மூன்று நாளில் தெரியும். நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி கூடிக்கொண்டே போகிறது, நாடி வேகமாகத் துடிக்கிறது, வயிறு உப்புகிறது, காய்ச்சல் வருகிறது என்றால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். 'ஆபரேஷன்னா வலி இருக்கத்தானே செய்யும்' என்று பொறுத்துக்கொள்ளக் கூடாத நேரம் அது.

மூச்சும் ரத்தக்கட்டும்: பெரிய ஹெர்னியாவில் குடல் முழுவதையும் உள்ளே தள்ளி மூடும்போது வயிற்றுக்குள் அழுத்தம் கூடி மூச்சு விடச் சிரமமாகலாம். படுத்தே இருந்தால் கால் நரம்பில் ரத்தம் உறையலாம். அது நுரையீரலுக்குப் போனால் ஆபத்து. அதனால்தான் முடிந்தவரை அன்றைக்கே அல்லது மறுநாளே எழுந்து நடக்கச் சொல்கிறார்கள்.

தீராத வலி: 3 மாதத்துக்குப் பிறகும் வலி நீடித்தால் அதற்குத் தனியாக மருத்துவம் பார்க்க வேண்டும். நரம்பு மாட்டியிருக்கலாம், வலையைப் பிடித்து வைக்கப் போட்ட ஊக்கு உறுத்தலாம்.

அப்போ மெஷ் ஆபத்தா?

இந்தக் கேள்விக்கு டென்மார்க்கில் இருந்து ஒரு நல்ல பதில் இருக்கிறது. 3,242 நோயாளிகளை 5 வருஷம் கவனித்த ஆய்வு 2016ல் வெளியானது. திரும்ப வந்ததற்காக மறுபடி ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்: வலை இல்லாமல் தைத்தவர்களில் 17.1 சதவீதம், திறந்து வலை வைத்தவர்களில் 12.3 சதவீதம், லேப்ராஸ்கோப்பியில் வலை வைத்தவர்களில் 10.6 சதவீதம்.

அதே நேரம், வலையால் பெரிய சிக்கல் வந்தவர்கள் திறந்த முறையில் 5.6 சதவீதம், லேப்ராஸ்கோப்பியில் 3.7 சதவீதம். வலையால் கிடைக்கும் நன்மையில் ஒரு பகுதியை இந்தச் சிக்கல்கள் சாப்பிட்டுவிடுகின்றன என்பதே அந்த ஆய்வின் முடிவு.

அதாவது வலை நல்லதுதான், ஆனால் அதுவே மாயமருந்து இல்லை. வலை வைக்க வேண்டுமா, எங்கே, எந்த வலை என்பதை நோயாளியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே சீழ் பிடித்த வயிறு, அவசர ஆபரேஷன் என்றால் கணக்கே மாறிவிடும்.

ஆபரேஷனுக்கு முன் என்ன செய்ய வேண்டும்?

நோயாளியின் கையில் இருக்கும் பகுதி இது. பாதி வெற்றி இங்கேதான்.

சிகரெட், பீடி: குறைந்தது 4 வாரம் முன்பே முழுமையாக நிறுத்த வேண்டும். புகை, புண் ஆறுவதைக் கெடுக்கும். இருமல் தையலைக் கெடுக்கும்.

சுகர்: காலையில் ஒரு நாள் எடுத்த ரிசல்ட் போதாது. மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி பரிசோதனை முக்கியம். அது 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முதலில் சுகரைக் குறைக்கச் சொல்லும் டாக்டர்கள் பலர்.

எடை: சில கிலோ குறைந்தாலும் வயிற்றுக்குள் அழுத்தம் குறையும். மிக அதிக எடை உள்ளவர்களுக்கு ஆபரேஷனைத் தள்ளிவைத்து எடையைக் குறைக்கச் சொல்வதும் உண்டு. அப்படிச் சொன்னால் 'டாக்டர் தட்டிக்கழிக்கிறார்' என்று நினைக்க வேண்டாம்.

இருமல், மலச்சிக்கல், சிறுநீர்ப் பிரச்சினை: மூன்றுக்கும் முதலிலேயே மருத்துவம் பார்த்துவிட வேண்டும்.

பழைய டிஸ்சார்ஜ் சம்மரி: முந்தைய ஆபரேஷன் எங்கே, என்ன, உள்ளே வலை இருக்கிறதா என்ற தகவல் டாக்டருக்கு ரொம்ப உதவும். பீரோவில் தேடி எடுத்து வையுங்கள்.

ஆபரேஷனுக்குப் பின்?

முதல் நாளிலிருந்தே மெதுவாக நடக்கலாம். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமுங்கள். கீரை, பழம், காய்கறி, தண்ணீர் நிறைய சேர்த்து மலச்சிக்கல் வராமல் பாருங்கள்.

பாரம் தூக்கக் கூடாது என்று எல்லா டாக்டரும் சொல்வார்கள். எது பாரம் என்பதில்தான் குழப்பம். தென்சென்னை புறநகரில் வீட்டுக்கு வீடு வாங்கும் 20 லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோவுக்கு மேல் எடை. நிரம்பிய சமையல் கேஸ் சிலிண்டர் 30 கிலோ வரும். ஒரு குடம் தண்ணீரே 10 கிலோவைத் தாண்டும். லாரித் தண்ணீர் வந்ததும் பக்கெட்டில் பிடித்து மாடிக்கு ஏற்றுவதும் பாரம்தான். அழும் குழந்தையைத் தரையிலிருந்து தூக்குவதும் பாரம்தான்.

சின்ன ஹெர்னியா என்றால் 4 முதல் 6 வாரம், பெரியது என்றால் 3 மாதம் வரைகூட இதையெல்லாம் தவிர்க்கச் சொல்வார்கள். வீட்டில் பெண்களுக்கு ஆபரேஷன் நடந்தால் இதைக் கடைப்பிடிப்பது பெரும்பாலும் மற்றவர்கள் கையில்தான் இருக்கிறது. 'பத்து நாள் ஆச்சே, தையல் பிரிச்சாச்சே' என்று குடத்தை அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். வெளியே ஆறியது தோல்தான், உள்ளே இன்னும் ஆறவில்லை.

கீழ்க்கட்டளை பக்கம் இருப்பவர்கள் எங்கே போகலாம்?

தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட கீழ்க்கட்டளையிலிருந்து 200 அடி ரோடு வழியாகப் பல்லாவரம் போனால், அங்கிருந்து குரோம்பேட்டை அரசு மருத்துவமனை பக்கம்தான். பெரிய அல்லது திரும்ப வந்த ஹெர்னியாவுக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் நல்லது. பல்லாவரம் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் ஒரு பக்கம் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். மறுபக்கம் பார்க் ஸ்டேஷனில் இறங்கி ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்குப் போகலாம். பொது அறுவை சிகிச்சைப் பிரிவு புறநோயாளி சீட்டு வாங்க வேண்டும்.

ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. உங்களுக்குச் சொல்லியிருக்கும் ஆபரேஷன் இதில் வருமா, எந்த மருத்துவமனையில் செய்யலாம் என்பதை 1800 425 3993 என்ற இலவச எண்ணில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தனியார் இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பல பாலிசிகளில் ஹெர்னியாவுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு, பெரும்பாலும் 2 வருஷம். பாலிசி எடுத்த மறுமாதம் க்ளெய்ம் செய்தால் நிராகரிக்கப்படலாம். வலைக்கான செலவு முழுவதும் கிடைக்குமா என்பதையும் முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

டாக்டரிடம் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. ஓட்டையின் அளவு என்ன? சி.டி. ஸ்கேன் தேவையா?
2. வலை வைப்பீர்களா? எந்த இடத்தில், எந்த வகை?
3. திறந்த ஆபரேஷனா, லேப்ராஸ்கோப்பியா? எனக்கு ஏன் அது?
4. இந்த ஆபரேஷனை நீங்கள் அடிக்கடி செய்கிறீர்களா?
5. என் சுகர், எடையை வைத்துப் பார்த்தால் இப்போதே செய்யலாமா, தயாராகிவிட்டுச் செய்யலாமா?
6. வீட்டுக்குப் போன பிறகு எந்த அறிகுறி வந்தால், யாருக்கு போன் செய்ய வேண்டும்?

கேள்வி கேட்டால் டாக்டர் கோபப்படுவாரோ என்று தயங்க வேண்டாம். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதையெல்லாம் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. வலையின் பெயர், வகை எழுதிய ஸ்டிக்கரையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லி வாங்கி வையுங்கள். பத்து வருஷம் கழித்து வயிற்றைத் திறக்க வேண்டி வந்தால், அந்த டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

தழும்பில் புடைப்பு தெரிந்தால், அது சின்னதாக இருக்கும்போதே ஒரு அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள். நேரம் கையில் இருக்கும்போது சுகரைக் குறைக்கலாம், புகையை நிறுத்தலாம், நல்ல இடமாகத் தேர்ந்தெடுக்கலாம். குடல் மாட்டிக்கொண்டு நள்ளிரவில் ஆம்புலன்ஸில் போகும்போது இதில் எதையும் செய்ய முடியாது.

(இது பொதுவான தகவலுக்கான கட்டுரை மட்டுமே. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற சிகிச்சை பற்றி மருத்துவரிடம் ஆலோசனை பெறவும்.)